அது என் கை இல்லை

காயம் படாதவர்களுக்கு டாக்டராகும் யோகம் கிடையாது என்று சிசோம் முடிவு கட்டிவிட்டாள். பிப்ரவரி மாத மதியம். சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே பனி முழங்கால் உயரம் கிடந்தது. தட்டில் சில்லி என்கிற இறைச்சி-பீன்ஸ் குழம்பு, பக்கத்தில் இலவங்கப்பட்டை ரோல். ஐயோவாவில் இந்த இரண்டையும் சேர்த்துத் தின்னாதவர் வெளியூர்க்காரர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். சிசோம் நாலு வருடமாகியும் ரோலை ஒதுக்கிவைத்துக் கடைசியில்தான் எடுப்பாள்.

"எங்கப்பா உயிரோட இருக்கார். அம்மாவும் உயிரோட இருக்காங்க. சரி, சண்டை போட்டுப் பிரிஞ்சாவது இருக்கலாம்ல? அதுவும் இல்ல. நேத்து ரெண்டு பேரும் ஜோடியா நடன கிளாஸ் சேர்ந்திருக்காங்களாம். என் கட்டுரையை யாருடி படிப்பா?" என்றாள்.

எதிரே உட்கார்ந்திருந்த கென்னா ரோலைச் சில்லியில் முக்கிக்கொண்டே சொன்னாள்: "உங்க அப்பாவை மாடிப்படியில தள்ளி விடு."

"சிரிக்காதடி. அந்த டக்ளஸ் என்ன எழுதியிருக்கான் தெரியுமா? அவன் நாய்க்குக் கிட்னி போச்சாம். அது கண்ணைப் பார்த்தப்போதான் மருத்துவம் தன்னைக் கூப்பிட்டுச்சாம்."

மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் ஒரு பக்கத்தில் கட்டுரை எழுத வேண்டும். ஏன் டாக்டராக விரும்புகிறீர்கள் என்பதுதான் கேள்வி. வாய் விட்டுக் கேட்பது அது; வாய் விடாமல் கேட்பது வேறு. உனக்கு எங்கே வலித்தது, சட்டையைத் தூக்கிக் காட்டு என்பதே அது. அந்தச் சின்னக் கல்லூரியில் கடைசி வருடம் படித்த பதினோரு மருத்துவக் கனவுக்காரர்களும் அந்தக் குளிர்காலம் முழுக்கச் சட்டையைத் தூக்கிக்கொண்டுதான் அலைந்தார்கள்.

கென்னா போல்கர்ட்ஸ் மட்டும் டெர்பியைப் பற்றி எழுதியிருந்தாள்.

டெர்பி என்றால் கார்களை ஒன்றோடொன்று மோதவிடும் பந்தயம். ஆகஸ்டில் மாவட்டச் சந்தை கூடும்போது சேற்று மைதானத்தில் பன்னிரண்டு பழைய கார்கள் இறங்கும். கடைசியாக எது நகர்ந்துகொண்டிருக்கிறதோ அது ஜெயிக்கும். போன ஆகஸ்டில் அவள் இரண்டாவதாக வந்தாள். வரப்போகும் ஆகஸ்டுக்காகப் பழைய போலீஸ் கார் ஒன்று கல்லூரியின் கொதிகலன் கட்டடத்துக்குப் பின்னால் தயாராகிக்கொண்டிருந்தது. கண்ணாடிகளை எடுத்தாகிவிட்டது, கதவுகளை வெல்டிங் வைத்து ஒட்டியாகிவிட்டது. புதன்கிழமை ஆய்வுக்கூடம் முடிந்ததும் கென்னா அதன் அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். சிசோம் கையுறை போட்டுக்கொண்டு விளக்குப் பிடிப்பாள், பிடித்தபடியே உயிர் வேதியியலில் கேள்வி கேட்பாள். காருக்கு அடியிலிருந்து விடை வரும்.

கட்டுரையில் கென்னா எழுதியது இதுதான். அந்த மைதானத்தில் எதை வேண்டுமானாலும் இடிக்கலாம், எதிராளி உட்கார்ந்திருக்கும் பக்கத்துக் கதவை மட்டும் இடிக்கக் கூடாது. வெறி தலைக்கேறி இஞ்சின் அலறும்போதும், அந்தக் கதவு குறுக்கே வந்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். அப்படிப் போகிற காலுள்ள ஆள்தான் நான், அதனால்தான் டாக்டராக முடியும் என்று நினைக்கிறேன். இவ்வளவுதான். நல்ல கட்டுரை. நாயின் கிட்னியைவிட எத்தனையோ மேல்.

பேராசிரியர் ஹேஸ்கெல்லுக்கு அது பிடிக்கவில்லை.

ஹேஸ்கெல் உயிரியல் துறைத் தலைவி, மருத்துவக் கமிட்டிக்கும் தலைவி. ஐந்து பேர் கொண்ட அந்தக் கமிட்டி ஒவ்வொரு மாணவரையும் உட்காரவைத்துப் பேசி, கல்லூரியின் சார்பில் ஒரே ஒரு கடிதம் எழுதும். அந்தக் கடிதம் இல்லாமல் விண்ணப்பம் போனால், "ஏன் இல்லை? பெண் ஏதாவது வில்லங்கமா?" என்று அங்கே புருவம் உயரும். கடிதத்தைப் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக மாணவர்கள் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். எல்லோரும் போடுவார்கள். கென்னாவும் இரண்டாம் வருடத்தில், படிக்காமலே, போட்டிருந்தாள்.

"நல்லா எழுதியிருக்க. ஆனா இதுல நீ எங்க இருக்க?" என்று ஹேஸ்கெல் கேட்டார்.

"கார்ல இருக்கேன், டாக்டர் ஹேஸ்கெல்."

அவர் சிரித்தார். கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்கு இடம் கிடைக்க வேண்டுமென்று ராப்பகலாய் உழைக்கிறவர், பிறந்தநாளை ஞாபகம் வைத்துக்கொண்டு கேக் செய்து கொண்டுவருகிறவர். அவரோடு சண்டை போடுவது அதனாலேயே பெரிய கஷ்டம். "படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க? அடுத்தவனை இடிக்கிறது ஒரு பொழுதுபோக்கா, இவளா டாக்டர்னு நினைப்பாங்க. உன் மார்க் ரொம்ப நல்ல மார்க். ஆனா நல்ல மார்க் நாட்டுல கொட்டிக் கிடக்கு. உன்கிட்ட வேற ஒண்ணு இருக்கே. அதை ஏன் மறைக்கிற?"

"எதை?"

ஹேஸ்கெல் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நகலை எடுத்து வைத்தார். ஒன்பது வருடத்துக்கு முந்தைய வாரப் பத்திரிகை. பதின்மூன்று வயதுக் கென்னா பல்லில் கம்பியோடு ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் நிற்கிறாள். கட்டிலில் அவள் அண்ணன் ராய்ஸ், இருபது வயது, வலது முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. வைக்கோல் கட்டும் இயந்திரம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. வயலில் இவள் ஒருத்திதான் இருந்தாள். தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அவன் மேல்கையில் இறுக்கி, ஆம்புலன்ஸ் வரும்வரை அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். "சின்னஞ்சிறு வீராங்கனை" என்று தலைப்புப் போட்டிருந்தார்கள்.

"இது கட்டுரை, கென்னா. இதைப் படிச்சுட்டு யாரால உன்னை வேண்டாம்னு சொல்ல முடியும்?"

கென்னாவுக்குக் காது சூடாகிவிட்டது. நகலைத் திருப்பிக் குப்புறப் போட்டாள். "இது என் கை இல்ல."

"என்னம்மா?"

"போனது என் கை இல்ல. என் அண்ணன் கை. அதை வச்சு நான் எப்படி இடம் கேக்கறது?"

"அவருக்கு உதவி செஞ்சது நீதானே. அது உன் கதையும்தான். யோசிச்சுப் பாரு. மார்ச் ஒன்பதாம் தேதி கமிட்டி," என்றார் ஹேஸ்கெல், குப்புறக் கிடந்த காகிதத்தை மெல்ல எடுத்துக்கொண்டே.

அறைக்கு வந்து சொன்னபோது சிசோம் கட்டிலிலிருந்து எகிறி எழுந்தாள். "மூணு வருஷமா ஒரே அறையில தூங்கறோம். உங்க அண்ணனுக்குக் கை இல்லன்னு தெரியும். கட்டுப் போட்டது நீன்னு ஒரு வார்த்தை சொன்னியா? அடிப்பாவி! தங்கச் சுரங்கத்து மேல உக்காந்துக்கிட்டு ஓட்டை காரைப் பத்தி எழுதறியே!"

"சுரங்கம் அவனோடது."

"அவன்கிட்டக் கேளேன். வேண்டாம்னா சொல்லப் போறான்?"

அதுதான் சிக்கல். வேண்டாமென்று சொல்ல மாட்டான்.

அந்தப் பத்திரிகை வந்த நாளிலிருந்து ராய்ஸ் தன் ஊரில் ராய்ஸாக இல்லை. கை போன பையனாகிவிட்டான். சர்ச் விருந்தில் அவன் தட்டோடு நிற்கும்போதே பக்கத்தில் ஒருவர் இன்னொருவருக்கு முழுக் கதையையும் சொல்வார், ரத்தம் எவ்வளவு தூரம் தெறித்தது என்பது உட்பட. கேட்டவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் தோளைத் தடவுவார். இரண்டு வருடம் பொறுத்தான். பிறகு ஒரு மணி நேரத் தொலைவில் வேறொரு ஊரில் கார் பட்டறை போட்டான். அங்கே யாராவது கையைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு பொய். சுறா கடித்துவிட்டது என்பான். கடலே பார்க்காத ஐயோவாவில் சுறா! சர்ச் மாமி ஒருத்தி கேட்டபோது, வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்றான். உண்மையை அவன் யாருக்கும் சொல்வதில்லை. அது அவனிடம் மிச்சமிருந்த ஒரே சொத்து.

ஞாயிற்றுக்கிழமை கென்னா அவன் பட்டறைக்குப் போனாள். அவன் ஒரு டிரக்கின் அடியில் கிடந்தான்.

"வந்துட்டியா? அந்த நட்டைப் பிடி. ஒரு கைக்காரன் வேலை செய்யறான்னு ஊரே வேடிக்கை பாக்குது, உதவிக்கு ஒரு நாயும் வரல," என்றான்.

பிடித்தாள். பிடித்தபடியே விஷயத்தைச் சொன்னாள், அவன் முகத்தைப் பார்க்காமல். அவன் முறுக்குவதை நிறுத்தவில்லை.

"எழுதினா சீட் கிடைக்குமா?"

"கிடைக்கலாம்னு அவங்க சொல்றாங்க."

"அப்பறம் என்ன? எழுது. எனக்கென்ன போச்சு? போனது எப்பவோ போச்சு." கொஞ்சம் கழித்து, "வலது கைன்னு போடு. அந்தப் பத்திரிகைக்காரன் ஒரு இடத்துல இடதுன்னு போட்டுட்டான்," என்றான்.

சொல்லிவிட்டு அவன் வெளியே உருண்டு வந்து, எழுந்து, கழுவுமிடத்துக்குப் போனான். கிரீஸ் போகவில்லை போலும், ரொம்ப நேரம் கழுவினான். திரும்பி வந்தபோது சுறாவும் இல்லை, கேலியும் இல்லை. சர்ச் விருந்தில் தட்டோடு நின்ற அதே முகம். ஒன்பது வருடத்தில் தன்னிடம் ஒரு காசு கடன் கேட்காத தங்கை முதல்முறையாக ஒன்று கேட்டுவிட்டாள், தராமல் இருக்க அவனால் முடியாது, தந்துவிட்டான். அவ்வளவுதான் அந்தச் சம்மதம். கென்னாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. கேட்கவே வந்திருக்கக் கூடாது.

மார்ச் ஒன்பதாம் தேதி கடன் வாங்கிய கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு கமிட்டி முன்னால் உட்கார்ந்தாள். கோட்டு சிசோமுடையது, தோள்பட்டை இரண்டு விரல் இறங்கியிருந்தது. நடுவில் ஹேஸ்கெல். இரண்டு பக்கமுமாகச் சேர்த்து மூன்று பேராசிரியர்கள். ஓரத்தில் ஊரிலிருந்து வந்த ஓய்வு பெற்ற அறுவைச் சிகிச்சை டாக்டர் ஓட்டிஸ் பிராம்வெல். முதல் இருபது நிமிடம் நன்றாகவே போயிற்று. முதியோர் இல்லத்தில் மூன்று வருடமாக வார இறுதி வேலை பார்ப்பதைக் கேட்டார்கள், சொன்னாள். கார் மோதலைக் கேட்டார்கள், சொன்னாள். வேதியியல்காரர் சிரித்துவிட்டு, தானும் சின்ன வயதில் பார்க்கப் போவதுண்டு என்றார். பிறகு பிராம்வெல் அந்தப் பழைய பத்திரிகை நகலைக் கையில் எடுத்து, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பெல்ட்டாலயா கட்டினே? எவ்வளவு நேரம் பிடிச்சிருந்தே? அவன் நினைவோட இருந்தானா?"

அவர் கண்ணில் இருந்தது இரக்கமில்லை, பசி. கதை கேட்கிற பசி. சர்ச் விருந்தில் பார்த்துப் பார்த்து அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

"அதைப் பத்தி நான் பேச வரல, டாக்டர் பிராம்வெல்."

"வெக்கப்பட என்ன இருக்கு? பெருமைப்பட வேண்டிய விஷயம்மா!"

"வெக்கம் இல்ல. நீங்க நாப்பது வருஷம் ஆபரேஷன் பண்ணியிருக்கீங்க. அதுல ஒருத்தரோட உடம்பைப் பத்தி, பேர் ஊரோட, அவங்களைத் தெரிஞ்சவங்ககிட்ட உக்காந்து கதை சொன்னதுண்டா?"

பிராம்வெல் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "அது வேற. அவங்க நோயாளிங்க."

"அன்னிக்கு வயல்ல அவன் என் நோயாளி. என்கிட்ட வேற யாரும் இல்ல, அவன்கிட்டயும் வேற யாரும் இல்ல."

ஹேஸ்கெல்தான் பேனாவை மூடிவைத்துவிட்டுப் பேசினார். "கென்னா, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கடிதத்துல அந்தப் பத்தியை நான் ஏற்கெனவே எழுதிட்டேன். கடிதத்துலயே அதுதான் உயிர். அது இருந்தா 'மிகவும் வலுவாகப் பரிந்துரைக்கிறோம்'னு போடலாம். இல்லன்னா வெறும் 'பரிந்துரைக்கிறோம்'. அந்த ரெண்டு வார்த்தைக்கு என்ன விலைன்னு உனக்குத் தெரியும்."

"எடுத்துடுங்க."

"கடிதத்துல என்ன இருக்கணும்னு நீ சொல்ல முடியாது. அதைப் பாக்கற உரிமையையே நீ விட்டுக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்க."

"என் உரிமையைத்தான் விட்டுக் கொடுத்தேன். அவனோடதை விட்டுக் கொடுக்கறதுக்கு நான் யாரு?" கோபம் வந்தால் அவளுக்கு அழுகையும் கூடவே வந்துவிடும், அதுவேறு எரிச்சலாக இருந்தது. கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கடிதத்தை நீங்க அனுப்பறதுக்கு என் சம்மதம் வேணும்ல? அதை எடுத்துக்கறேன். எனக்குக் கமிட்டிக் கடிதமே வேண்டாம்."

"நான் தலைவியா இருக்கற இந்த இருபத்திரண்டு வருஷத்துல யாரும் அப்படிச் செஞ்சதில்ல. காலேஜே உன்னைக் கைவிட்டுடுச்சுன்னு நினைப்பாங்கம்மா." ஹேஸ்கெல்லின் முகத்தில் இருந்தது உண்மையான பயம். அவளுக்காகத்தான் பயந்தார், பாவம்.

"நினைக்கட்டும். படிவம் எங்க இருக்கு?"

படிவமே இல்லை. இதுவரை யாருக்கும் தேவைப்பட்டதில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாள்.

அன்று மாலை கொதிகலன் கட்டடத்துக்குப் பின்னால் சிசோம் அவளைப் பிடித்து உலுக்கினாள். "பைத்தியமாடி உனக்கு? நாலு வருஷம்! இயற்பியல்ல அழுதது மறந்துபோச்சா? அவன் சரின்னுதானே சொன்னான்!"

"சொன்னான். சொல்லும்போது அவன் மூஞ்சிய நீ பார்க்கல."

சிசோம் அவளை முறைத்தாள். பிறகு போலீஸ் காரின் பானெட்டில் ஓங்கி ஓர் உதை விட்டு, காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள். "சரி, தனித்தனியா கடிதம் வாங்கலாம். வேதியியல்காரர் உனக்குக் குடுப்பார், அவர் சிரிச்சார்னு சொன்னியே. முதியோர் இல்லத்து நர்ஸ் குடுப்பாங்க. எழுந்திருடி, பட்டியல் போடலாம்."

வேதியியல்காரர் கொடுத்தார். நர்சும் கொடுத்தார். மே மாதம் பட்டம் வாங்கியதும் சிசோம் மினியாபொலிசுக்குப் போனாள். நடன கிளாசில் அப்பாவின் காலை அம்மா மிதித்து விரலை உடைத்துவிட்டதாகவும், அதைக் கட்டுரையில் எப்படிச் சேர்ப்பது என்று யோசிப்பதாகவும் செய்தி அனுப்பினாள். கென்னா அண்ணன் ஊருக்கு வந்து, அவன் பட்டறை மாடியில் தங்கி, அங்கிருந்த ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலைக்குச் சேர்ந்தாள். கமிட்டியில் நடந்ததை அவனிடம் சொல்லவில்லை. கட்டுரை எழுதி முடித்தாயிற்றா என்று அவனும் கேட்கவில்லை. இருவரும் அந்தப் பக்கமே போகாமல் காரைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ஜூனில் விண்ணப்பம் போனது, டெர்பிக் கட்டுரையோடு. ஜூலையில் கல்லூரிகள் தனித்தனியே கேள்விகள் அனுப்பத் தொடங்கின. அவள் ரொம்ப ஆசைப்பட்ட கல்லூரியின் கேள்வித்தாள் ஒரு சனிக்கிழமை காலை வந்தது. பட்டறை மேசையில் ஸ்பேனர்களை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொன்றாகப் பதில் போட்டுக்கொண்டு வந்தாள். ஏழாவது கேள்வி: உங்கள் கல்லூரியில் மருத்துவக் கமிட்டி உண்டு, அதன் கடிதம் உங்கள் விண்ணப்பத்தில் இல்லை. காரணம் கூறுக.

எழுதினாள், அழித்தாள். திரும்ப எழுதினாள். "கடிதத்தில் என் சொந்த விஷயமல்லாத ஒன்று இடம் பெற்றிருந்தது. அதை நீக்கும்படி கேட்டேன், மறுத்துவிட்டார்கள்." வழவழா கொழகொழா. எதையோ மறைக்கிறாள் என்று யாருக்கும் தோன்றும்.

பின்னால் ராய்ஸ் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"அந்த விஷயம் என் கையா?"

அவள் மூடப் பார்த்தாள். அவன் திரையைப் பிடித்துக்கொண்டான்.

"நான்தான் எழுதுன்னு சொன்னேனே. எழுதலயா நீ? கடிதமே வேண்டாம்னுட்டியா? இதுக்காகவா?" அவன் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "யாருடி உன்னைக் கேட்டா? உனக்கு சீட் கிடைக்காம போனா அந்தப் பழியும் என் கை மேலதானே விழும்! அன்னிக்கு நான்தான் சம்மதிச்சேனே!"

"சம்மதிச்ச. நான் டாக்டராகணும்னு சம்மதிச்ச. நான் யாருமே இல்லன்னு வச்சுக்க, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தி வந்து கேட்டா, உன் கையைப் பத்தி எழுதிக்கட்டுமான்னு. என்ன சொல்லியிருப்ப?"

வெளியே ஒரு டிராக்டர் சாலையில் மெதுவாகப் போயிற்று, அது முழுக்கக் கடந்து போகும்வரை ராய்ஸ் நின்றான்.

"தள்ளு," என்றான்.

அவள் தள்ளி உட்கார்ந்தாள். அவன் குனிந்து, கிரீஸ் படிந்த இடது ஆட்காட்டி விரலால் அவள் எழுதியதை எல்லாம் அழித்தான். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினான். ரொம்ப நேரம் ஆயிற்று.

"என் அண்ணனின் கை போன கதையை அவர்கள் எழுதினார்கள். அண்ணன் அனுமதி தரவில்லை."

"அன்னிக்குச் சரின்னு சொன்னது பொய். இப்ப சொல்றேன், கிடையாது. உனக்கும் கிடையாது, அவங்களுக்கும் கிடையாது, ஒருத்தனுக்கும் கிடையாது," என்றான் ராய்ஸ். ஒன்பது வருடத்தில் அவன் அந்தச் சொல்லை யாரிடமும் சொன்னதில்லை. முகம் சிவந்து, மூச்சு வாங்கிற்று. "அனுப்பு."

கென்னா அனுப்பினாள்.